மாத்திரைக்குக் கேக்கல

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் லேபில் காலையில் முதல் வேலை இன்குபேட்டரைத் திறப்பது. ராத்திரி முழுக்க 37 டிகிரி வெதுவெதுப்பில் அடைபட்டுக் கிடந்த காற்று முகத்தில் மோதும். உள்ளே, முந்தின நாள் நாங்கள் ‘விதைத்த’ தட்டுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒரு பெயர், ஒரு வயது, ‘யூரின்’ என்று ஒரு சொல். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் சிலவற்றில் ஒன்றும் முளைத்திருக்காது. பார்க்க நிம்மதியாக இருக்கும். சிலவற்றில் ரோஜா நிறத்தில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அது ஈ.கோலை. கொழகொழவென்று பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் பெரும்பாலும் கிளெப்சியெல்லா. பச்சை படர்ந்து, பழுத்த திராட்சை வாசம் வந்தால் சூடோமோனாஸ். அன்றைக்கு எனக்கு மனசு கனத்துவிடும். அதற்கு வேலை செய்கிற மருந்துகள் மிகக் குறைவு.

இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். வீடு திண்டிவனத்தில். ரயிலில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டினால் விழுப்புரம். பெட்டியில் தினமும் கூட வரும் பெண்களுக்கு நான் லேபில் இருப்பது தெரியும். ஜன்னலோரம் இடம் விட்டுக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, காதருகே வந்து கேட்பார்கள்.

“அக்கா, ஒண்ணுக்குப் போனா எரியுதுக்கா. போன தடவ வாங்கின அதே மாத்திரதான் போட்டேன். இந்தத் தடவ மாத்திரைக்குக் கேக்கல.”

இந்தச் சொல்லை நான் கேட்காத வாரம் இல்லை. அதற்குக் காரணமும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: “உடம்புக்கு அந்த மாத்திர பழகிடுச்சு போலக்கா. பவர் ஜாஸ்தியா ஒண்ணு சொல்லேன்.”

என் தொழிலில் நான் பார்த்த தவறான நம்பிக்கைகளில் அதிகக் கேடு செய்வது இதுதான். உடம்புக்கு எதுவும் பழகவில்லை. மருந்துக்குக் கேட்காமல் போனது அவருடைய உடம்பு அல்ல, உள்ளே இருக்கும் கிருமி. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. உடம்புக்குப் பழகிவிட்டது என்றால் அது என் ஒருத்தியின் பாடு. பவர் கூட்டிப் போட்டுக்கொண்டால் முடிந்தது. கிருமி கேட்கவில்லை என்றால் அந்தக் கிருமி என்னை விட்டு அடுத்தவரிடம் போகும்போதும் கேட்காத கிருமியாகவேதான் போகும். என் பிள்ளைக்கு, என் மாமியாருக்கு, பக்கத்து வீட்டுக்கு. இதுவரை ஒரு முறைகூட ஆன்டிபயாடிக் தொடாத ஒருவருக்கும் மருந்துக்கு அடங்காத நீர்க்கடுப்பு வரும்.

கேட்கிறதா, கேட்கவில்லையா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். முளைத்த புள்ளியில் ஒன்றைத் தொட்டெடுத்து உப்புநீரில் கலக்கி, புதுத் தட்டு ஒன்றில் மூலைமுடுக்கு விடாமல் பூசுவோம். அதன் மேல் மருந்து ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைப்போம். ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருக்கும். ஒரு வில்லையில் ஒரு மருந்து. மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி பாசி மாதிரி படர்ந்திருக்கும். மருந்துக்குக் கேட்கும் கிருமியானால் அந்த வில்லையைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் சுத்தமாக ஒரு வட்டம் விழும். கேட்காத கிருமி வில்லையின் ஓரம் வரைக்கும் வந்து ஒட்டி உட்கார்ந்திருக்கும். வட்டத்தை ஸ்கேல் வைத்து அளப்போம். ஈ.கோலைக்கு நைட்ரோஃபுரான்டாயின் என்ற மருந்தைச் சுற்றி வட்டம் 17 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் ரிப்போர்ட்டில் ‘எஸ்’ என்று எழுதுவோம், கேட்கும் என்று பொருள். 14-ம் அதற்குக் கீழும் ‘ஆர்’, கேட்காது. 1966-ல் அமெரிக்காவில் பாயரும் கிர்பியும் அவர்களுடைய கூட்டாளிகளும் வகுத்த முறை இது. இன்றைக்கும் சின்ன ஊர் லேபுகளுக்கு இதுதான் ஆதாரம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ‘எஸ்’ எழுதிக் கை வலிக்கும். இப்போது ‘ஆர்’ எழுதி வலிக்கிறது.

எங்கள் தெருவில் இட்லி சுட்டு விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் பத்து மணி வரை எழுந்திருக்க முடியாது. தண்ணீர் குடித்தால் எழ வேண்டி வரும் என்று குடிக்கவும் மாட்டார். சர்க்கரையும் உண்டு. முதல் தடவை எரிச்சல் வந்தபோது மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசின் நாலு மாத்திரை வாங்கினார். இரண்டு போட்டதும் விட்டது. மீதியை எடுத்து வைத்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. மீதி இரண்டைப் போட்டார், கேட்கவில்லை. கடைக்காரப் பையன் நார்ஃப்ளாக்சசின் கொடுத்தான். எரிச்சல் ஒரு மாதிரி அடங்கியது. மூன்றாவது முறை செஃபிக்ஸிம், அதுவும் இரண்டே நாள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெருவில் தினமும் பார்க்கிறேன், இட்லி வாங்குகிறேன், ஆனாலும் தெரியாது. சிறுநீர் சம்பந்தப்பட்டதைப் பெண்கள் அடுத்த வீட்டில்கூடச் சொல்வதில்லை.

ஒரு ராத்திரி அவருக்குப் பல் தந்தியடிக்கிற குளிர், காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் குத்து வலி. சிறுநீர்ப்பையில் இருந்த தொற்று மேலேறிச் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருடைய சாம்பிள் எங்கள் லேபுக்குத்தான் வந்தது. தட்டின் அடியில் பெயரைப் படித்தபோது கை நடுங்கியது. ஈ.கோலை. ஆம்பிசிலின் ஆர். கோட்ரைமாக்சசோல் ஆர். சிப்ரோ ஆர். நார்ஃப்ளாக்சசின் ஆர். செஃபிக்ஸிம் ஆர். ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோனும் ஆர். கேட்டவை நாலு: நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின், மெரோபெனெம்.

முதல் இரண்டும் வாய்வழியாகச் சாப்பிடுகிற சாதாரண மருந்துகள். நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரையாக இருக்கும். ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் தூள், தண்ணீரில் கரைத்து ஒரு வேளை குடித்தால் பெரும்பாலும் போதும். ஆனால் இவை சிறுநீரில் போய்ச் சேர்ந்து அங்கே மட்டும் வேலை செய்பவை. சிறுநீரகத்தின் சதைக்குள்ளும் ரத்தத்திலும் போதுமான அளவுக்கு ஏறாது. சிறுநீர்ப்பையில் எரிச்சலாக இருந்த நாளில் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். குளிர்காய்ச்சல் வந்தபிறகு பயனில்லை. ஆகவே அக்காவுக்கு மெரோபெனெம் ஊசி, நாளுக்கு மூன்று வேளை, ஒரு வாரத்துக்கு மேல். அவர் பிழைத்துவிட்டார். அடுப்பு பதினைந்து நாள் எரியவில்லை. கம்மல் அடகுக் கடைக்குப் போனது.

முதல் எரிச்சலின்போதே ஒரு டப்பாவில் சிறுநீர் பிடித்துக் கொடுத்திருந்தால் எந்த மாத்திரை கேட்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்திருப்போம். நான் திரும்பத் திரும்ப நினைத்து வருந்துவது இதைத்தான். நம் ஊரில் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் மாத்திரை, அதற்கடுத்து வேறு மாத்திரை, அதற்கடுத்து ஊசி, எல்லாம் தோற்றபிறகு கடைசியாக டெஸ்ட்.

கிருமி எப்படிக் கேட்காமல் போகிறது? ஈ.கோலை நமக்கு அந்நியமில்லை. 1885-ல் டாக்டர் எஷரிக் என்பவர் குழந்தைகளின் மலத்திலிருந்து அதைக் கண்டுபிடித்தார். நம் எல்லோர் குடலிலும் சாதுவாக வாழ்வதுதான். பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை குட்டையானது, மலவாய்க்கு அருகில் இருப்பது. அதனால் குடலில் இருப்பது எளிதாக வழி மாறி ஏறிவிடுகிறது. உலகத்தில் பாதிப் பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தத் தொற்று வருகிறது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை, ஒழுக்கக் குறைவும் இல்லை, வெறும் ‘சூடு’ம் இல்லை.

சிறுநீரில் தொந்தரவு தரும் கிருமி குடலிலிருந்துதான் வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். போன மாதம் சளிக்கு என்று ஒரு ஆன்டிபயாடிக் விழுங்கினோம். சளி பெரும்பாலும் வைரஸ். அதற்கு அந்த மாத்திரையால் ஒரு பயனும் இல்லை. ஆனால் மாத்திரை குடல் வழியாகப் போனதல்லவா? அங்கே கோடிக்கணக்கில் இருந்த ஈ.கோலைகளில் மருந்துக்கு அடங்கியவை செத்தன. தற்செயலாக ஏதோ ஒரு மாற்றத்தால் அடங்காமல் இருந்த சில மட்டும் பிழைத்தன. காலியான இடம் முழுக்க அவற்றின் வாரிசுகள் நிறைந்தன. விவசாயி நல்ல கதிராகப் பார்த்து விதைநெல்லுக்கு ஒதுக்குகிற மாதிரி, மாத்திரை போடுகிற ஒவ்வொரு தடவையும் நாம் அடங்காத கிருமிக்கு விதைநெல் ஒதுக்குகிறோம். தேவையான நேரத்தில் அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். உயிர் காக்கிற மருந்து அது. சளிக்கும் சாதாரண உடம்பு வலிக்கும் கொடுப்பது வீண் விலை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. இந்த எதிர்ப்புத் திறனைக் கிருமி தன் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன மரபணு வளையம். அதில் எந்த மருந்தை எப்படி உடைப்பது என்ற குறிப்பு இருக்கும். ஒரு கிருமி பக்கத்துக் கிருமியோடு இணைந்து அதன் நகலைக் கொடுத்துவிடும். பரீட்சை ஹாலில் பிட் கைமாறுவது மாதிரி. ஈ.கோலை அதைத் தன் இனத்துக்குத்தான் கொடுக்கும் என்பதும் இல்லை, கிளெப்சியெல்லாவுக்கும் கொடுக்கும். ஒரே பிட்டில் நாலைந்து மருந்துக்கு விடை இருப்பதும் உண்டு. அதனால்தான் சிப்ரோவை மட்டும் சாப்பிட்ட ஒருவருக்கு அவர் தொடாத மருந்துகளும் சேர்த்து ‘ஆர்’ வருகிறது.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. யாருக்கு எந்த மருந்து வாங்கினாலும் மீந்த மாத்திரைகளைப் பட்டையோடு வெட்டி அதில் போட்டு வைப்பார். தெருவில் யாருக்காவது காய்ச்சல், கடுப்பு என்றால் டப்பாவைத் திறந்து, “இது எனக்கு நல்லாக் கேட்டுச்சும்மா, போட்டுக்கோ” என்று கொடுப்பார். காசு வாங்க மாட்டார். ரசம் வைத்துக் கொடுத்தனுப்புகிற அதே மனசுதான். டி.எம்.எல்.டி. படித்து முடித்து வந்த நான் அந்த டப்பாவைப் பார்த்தும் பல வருடம் வாய் திறக்கவில்லை. அம்மாவின் கருணையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். திண்டிவனத்தில் பல வீடுகளில் அப்படி ஒரு டப்பா இன்றும் இருக்கிறது. கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லும்போது இந்த டப்பாக்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

உலகையே உலுக்கிய ஒரு கண்டுபிடிப்பு, எங்கள் லேபுக்கு வருவது மாதிரி ஒரு சிறுநீர் சாம்பிளிலிருந்துதான் தொடங்கியது. 2007 இறுதியில் ஸ்வீடனில் வாழ்ந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் இந்தியாவுக்கு வந்த இடத்தில் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தது. 2008 ஜனவரியில் அவர் ஊர் திரும்பியபோது சிறுநீரில் ஒரு கிளெப்சியெல்லா இருந்தது. கடைசி ஆயுதம் என்று வைத்திருந்த கார்பபெனெம் வகை மருந்துகளையே அது உடைத்தது. மெரோபெனெமும் அந்த வகைதான். உடைக்கும் நொதிக்கு நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வு ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வெளிவந்தது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று அந்தக் கிருமிகளை அடையாளம் காட்டியது. சென்னை, ஹரியானா மாதிரிகளில், ஆஸ்பத்திரியில் தொற்றாமல் வீட்டில் இருந்தபோதே சிறுநீர்த் தொற்று வந்தவர்களுடையவையும் இருந்தன. நாட்டில் அப்போது பெரிய விவாதமே ஊர்ப்பெயரை வைத்தது சரியா என்பதாக இருந்தது. எனக்கும் அந்தப் பெயரில் வருத்தம் உண்டு. ஆனால் லேப் மேஜையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த 44 என்ற எண்தான் உறுத்தியது. சென்னை எங்களுக்கு இரண்டரை மணி நேரப் பயணம்.

அதன் பிறகு நடந்தவற்றில் நல்லவையும் உண்டு. 2012 ஆகஸ்டில் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடின. டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்த அந்தக் கூட்டத்தில் ‘சென்னைப் பிரகடனம்’ உருவானது. டாக்டரே இல்லாத கிராமங்கள் உள்ள நாட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் தடுக்க முடியாது, முக்கியமான மருந்துகளிலிருந்து படிப்படியாகத் தொடங்குவோம் என்று நடைமுறை அறிந்து பேசியது அது. 2014 மார்ச் 1 முதல் 46 மருந்துகள் கொண்ட ‘ஹெச்-1’ பட்டியல் அமலுக்கு வந்தது. செஃபிக்ஸிம், மெரோபெனெம் உட்பட அந்தப் பட்டியலில் உள்ள மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பட்டையின் மேல் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று 2016-ல் மத்திய சுகாதாரத் துறை பிரசாரமும் செய்தது.

சட்டம் இருக்கிறது. ஆனால் மெடிக்கல் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கரும்பு வெட்டிவிட்டு வந்த பெண், கையில் ஐம்பது ரூபாய். டாக்டரைப் பார்க்கப் போனால் அன்றைய கூலி போய்விடும். “தம்பி, நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திர குடுப்பா.” அந்தப் பையன் அவளை வெறுங்கையோடு அனுப்பினால் அவள் எங்கே போவாள்? இதற்குப் பதில் சொல்லாமல் கடைக்குப் பூட்டுப் போடுவதால் மட்டும் தீராது. ஆரம்ப சுகாதார நிலையம் சாயங்காலமும் திறந்திருந்து, அங்கே சிறுநீர் சாம்பிள் வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் துணிபு. முண்டியம்பாக்கத்தில் 2010-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரியும், நம் பக்கத்தவர்கள் நம்பிப் போகும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன. கல்ச்சர், அதாவது இப்படித் தட்டில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், செய்ய ஆளும் அறிவும் இந்த மாவட்டத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. சாம்பிளை அங்கே கொண்டுசேர்க்கும் வழிதான் வேண்டும்.

கழிப்பறையையும் சொல்லியாக வேண்டும். 2018-ல் ஒரு ஆய்வு வெளியானது. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். பல்கேரியாவில் நடந்தது. பாதிப் பேர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் மற்றவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை தொற்று வந்தபோது இவர்களுக்கு 1.7 தடவைதான் வந்தது. ஆன்டிபயாடிக் தேவையும் அதற்கேற்பக் குறைந்தது. வெறும் தண்ணீர்! ஆனால் மரக்காணம் உப்பளத்தில் வெட்டவெளியில் நிற்கும் பெண்ணிடம் போய் ஒன்றரை லிட்டர் கூடக் குடி என்று எப்படிச் சொல்வேன்? குடித்தால் எங்கே போவாள்? ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமையை 2021-ல் தமிழ்நாடு சட்டமாக்கியது. மனம் குளிர்ந்த செய்தி அது. உட்கார இருக்கை கொடுத்த அதே அக்கறை, கேட்டவுடன் எழுந்துபோகச் சுத்தமான கழிப்பறையாகவும் வர வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமியோடு போராட பஸ் ஸ்டாண்டு கழிப்பறையைக் கழுவி வைப்பதும் ஒரு வழி என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

இனி சிறுநீர் பிடிக்கும் டப்பா. நிறையப் பேர் தவறு செய்வது இங்கேதான். லேபில் தரும் மூடி போட்ட டப்பா கிருமி நீக்கியது. வீட்டில் கழுவிக் காயவைத்த ஹார்லிக்ஸ் பாட்டில் ஆகாது. முதலில் சிறுநீர் கழிக்கும் இடத்தை வெறும் தண்ணீரால் கழுவிக்கொள்ளுங்கள். சிறுநீரின் முதல் பகுதியை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். மூடியின் உட்புறம் விரல் படக் கூடாது. பிடித்த இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுவரலாம். இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், சாதகமான வெதுவெதுப்பில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அக்னி நட்சத்திர வெயிலில் மூன்று மணி நேரம் பைக்குள் கிடந்தால் ஒன்று 512 ஆகிவிடும். நாங்கள் ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எடுக்கும் வளையத்தால் தொட்டு விதைக்கிறோம். தட்டில் 100 புள்ளி முளைத்தால் மில்லிக்கு ஒரு லட்சம் கிருமி என்று கணக்கு. வழியிலேயே பெருகியதையும் சேர்த்து எண்ணினால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாகும்.

“மாத்திர ஏதாச்சும் போட்டீங்களாம்மா?” என்று டப்பா வாங்கும்போது கேட்பேன். “ரெண்டே ரெண்டுதாம்மா போட்டேன்” என்பார்கள். அந்த இரண்டு போதும். தட்டில் எதுவும் முளைக்காமல் போகும், நோய் மட்டும் உள்ளே இருக்கும்.

சாம்பிள் கொடுத்துவிட்டு ரிப்போர்ட் வரும்வரை வலியோடு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. கொடுத்த கையோடு டாக்டர் எழுதிய மருந்தைத் தொடங்கலாம். ரிப்போர்ட் வந்ததும் அவர் தேவைப்பட்டால் மாற்றுவார். இளம்பெண் ஒருவருக்கு முதல் தடவை வரும் சாதாரண எரிச்சலுக்குக் கல்ச்சர் வேண்டுமா என்பதை டாக்டரே சொல்லுவார். திரும்பத் திரும்ப வருபவர்கள், கர்ப்பிணிகள், ஆண்கள், சர்க்கரை உள்ளவர்கள், சிறுநீர்க் குழாய் போட்டவர்கள் ஆகியோருக்குக் கட்டாயம் வேண்டும். குளிர்காய்ச்சல், வாந்தி, விலா வலி என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எரிச்சலைத் தணிக்க மெடிக்கலில் தரும் சிரப் சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. இளநீரும் பார்லிக் கஞ்சியும் தாராளமாகக் குடிக்கலாம். அவையும் கிருமியைக் கொல்லாது.

டெஸ்ட் செய்யாமல் மாத்திரை போடுவதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. முழு உடல் பரிசோதனை என்று போவார்கள். ரிப்போர்ட்டில் சீழ் செல் கொஞ்சம் கூட இருக்கும். எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் இருக்காது. பயந்துபோய் ஆன்டிபயாடிக் கேட்பார்கள். தொந்தரவு இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருப்பது வயதானவர்களிடம் சாதாரணம். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப்பாதையில் அறுவை செய்யப் போகிறவர்களுக்கும் தவிர அதற்கு மருந்து தேவையில்லை. காகிதத்தில் இருக்கும் எண்ணுக்கு மருந்து சாப்பிடக் கூடாது என்று, அந்தக் காகிதத்தை எழுதுகிற நானே சொல்கிறேன்.

இது எங்கள் லேபின் கதை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட கணக்குப்படி, 2023-ல் ஆய்வகத்தில் உறுதியான பாக்டீரியா தொற்றுகளில் உலக அளவில் ஆறில் ஒன்று மருந்துக்கு அடங்காதது. நாம் இருக்கும் தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் மூன்றில் ஒன்று. 2019-ல் மட்டும் இப்படிப்பட்ட தொற்றுகளால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று கணித்திருக்கிறார்கள்.

புது மருந்தே வராதா என்று ரயிலில் ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். வந்திருக்கிறது, அதைச் சொல்ல எனக்குப் பெருமை. சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடித்த என்மெடாசோபாக்டம் என்ற மருந்தை செஃபிபீம் என்ற பழைய மருந்தோடு சேர்த்து, சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதித்தது. கிருமியின் கத்தியை மழுங்கவைத்து, பழைய மருந்து மறுபடி வேலை செய்ய வழி விடும் மருந்து அது. ஆனால் அது ஊசி, ஆஸ்பத்திரியில் போடுவது. இட்லி அக்காவுக்கு முதல் எரிச்சலின்போது வேண்டியிருந்தது அதுவல்ல. 1953-லிருந்து புழக்கத்தில் உள்ள நைட்ரோஃபுரான்டாயின் போதுமாயிருந்தது. அந்தப் பழைய மாத்திரைக்கு ஈ.கோலை இன்னும் பெரும்பாலும் கேட்கிறது. என் தட்டில் அதைச் சுற்றி மட்டும் வட்டம் அகலமாக விழுவதைப் பார்க்கும்போதெல்லாம், இதையாவது நாம் காப்பாற்றி வைத்துக்கொள்ள வேண்டுமே என்று தவிக்கிறேன். இன்றைக்கு அதையும் சிலர் கடையில் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் அம்மா, அக்கா, தங்கை யாராக இருந்தாலும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை எரிச்சல் வந்தால் வீட்டு டப்பாவைத் திறக்காதீர்கள், கடையில் மாத்திரையின் பெயரைச் சொல்லாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். அவர் மருந்துச் சீட்டு எழுதும்போது கூச்சப்படாமல் நீங்களே கேளுங்கள்: “கல்ச்சருக்குக் கொடுத்துட்டு மாத்திர போடட்டுமா, டாக்டர்?”